குடுமிக் கதவு

தென்னரசு முகட்டுக் கட்டை அறுத்தபோது கூரையிலிருந்து முதலில் விழுந்தது ஓலை இல்லை, கரி. வருஷக்கணக்கில் அடுப்புப் புகை குடித்து ஓலைக்கு அடியில் சடை சடையாகத் தொங்கிக்கொண்டிருந்த கரி அத்தனையும் ஜெசிந்தாவின் தலையிலும் தோளிலும் கொட்டியது. அவள் தள்ளிப் போகவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். பின்னாலேயே ஒரு பூரான், இரண்டு தேள், காய்ந்துபோன எலிக்குஞ்சுகள் விழுந்தன. மகள் இசைவாணி நான்காவது படிக்கும்போது தொலைத்துவிட்டு அடி வாங்கின ஜாமெட்ரி பாக்ஸின் அளவுகோல் கூட, எலி கடித்த பாதியாக வந்து விழுந்தது. விழ விழ அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனியன் ஒழிந்தது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் குடிசையை அவள் அளவுக்குத் திட்டினவர்கள் நெடுந்தாங்கல் காலனியில் யாரும் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசியிலேயே ஆரம்பித்த சண்டை அது. மழை வெளியே விட்டாலும் உள்ளே விடாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒழுகுகிற இடம் பார்த்துப் பார்த்துத் தூளியைக் கூரையின் ஒரு பனங்கையிலிருந்து அவிழ்த்து இன்னொரு பனங்கையில் கட்டிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாலில் கூரையிலிருந்து விரியன் குட்டி விழுந்தது. தென்னரசு அதை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலைக் கொட்டிடாதே, வடிகட்டினால் போதும் என்றான். அந்த ஒரு பேச்சுக்காக அவனோடு நான்கு நாள் அவள் பேசவில்லை. திண்டிவனம் சந்தைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக மாடி வீடுகளைப் பார்த்தால், உள்ளே இருக்கிற பொம்பளைக்கு மழை பெய்வதே தெரியாமல் இருக்குமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றும்.

ஆகஸ்டு பதினைந்து கிராம சபையில் கான்கிரீட் வீட்டுக்குத் தேர்வானவர்கள் பட்டியலை வாசித்தார்கள். குடிசையில் இருப்பவர்களுக்கு, சொந்த மனைப்பட்டா உள்ளவர்களுக்கு மட்டும். பதினோராவது பெயராக ஜெசிந்தா, கணவர் தென்னரசு என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் இடுப்பில் கிள்ளின பிறகுதான் அது தன் பெயர் என்று உறைத்தது. அன்றைக்கு மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள்.

அந்த வாரத்திலேயே கோபி வந்து சேர்ந்தான். ஊர்த்தெரு வேங்கடேசனுடைய மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அந்த வேலையை உதறிவிட்டு வந்து, தாத்தா விட்டுப்போன முந்திரிக் காட்டுக்குள் தன் கையாலேயே ஒரு மண் வீடு கட்டி இயற்கையோடு வாழப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரே சிரித்தது. புதுச்சேரிப் பக்கம் பணக்காரர்களுக்கு மண் வீடு கட்டுகிற கூட்டத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் என்று தென்னரசுவைத் தேடிக்கொண்டு காலனிக்குள் அவன் பைக்கிலேயே வந்தான். அந்தக் குடும்பத்தில் காலனித் தெருவுக்குள் வண்டியை விட்டு இறங்கினவன் அவன்தான். குனிந்து குடிசைக்குள் நுழைந்தவன் மேலே பார்த்தான். வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

மேலே இருந்தவை பனங்கைகள். ஏரிக்கரையில் புயலுக்கு விழுந்த பனைகளை ஏலம் எடுத்து, பிளந்து, செதுக்கி, தென்னரசின் அப்பா ஏற்றிய பனங்கைகள் பதினாறு. புகை ஏறி ஏறி இரும்புக் கறுப்பாகிவிட்டிருந்தன. கரையானுக்குப் பல் இறங்காது. கதவும் அவர் செய்ததுதான். கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி செதுக்கி, குழியில் உட்கார்த்தின வேப்பங்கதவு. அதன் மேல்பலகையில் உளியால் ஒரு சிலுவை கொத்தி வைத்திருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த சிலுவை. கோபி அந்தக் கதவைத் தடவித் தடவிப் பார்த்தான். எப்படியும் பிரிக்கத்தானே போகிறீர்கள், இதையெல்லாம் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டான். கேட்டது தென்னரசுவிடம், கண் ஜெசிந்தாவின் மேல் இருந்தது. அக்கா என்று வேறு கூப்பிட்டான். ஊர்த்தெரு வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதில்லை. அதில்தான் பாதி விழுந்தாள், ஒளிப்பானேன்.

தென்னரசு யோசித்தான். "ஆர்டரு கையில வரட்டும் புள்ள. அப்பால பிரிச்சிக்கலாம். கூரை இன்னா, ஓடியா பூடப் போவுது?"

"பேரு வாசிச்சாச்சு, போட்டோ புடிச்சாச்சு. இன்னும் இன்னாத்துக்கு இத்த கட்டிக்கினு அழுவறது? எடத்த சுத்தமா வெச்சிருந்தாதான் நாளைக்கே வந்து கோடு போடுவாங்க."

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? நூறு நாள் வேலையானாலும் சரி, மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனாலும் சரி, விடியலில் கையில் மம்பட்டியோடு தயாராக வந்து நிற்கிறவளுக்குத்தான் முதல் வேலை. யோசித்துக்கொண்டு நிற்கிறவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிறந்ததிலிருந்து அவள் படித்த படிப்பு அது ஒன்றுதான். தயாராக இருப்பவனைத் தேடி எல்லாம் வரும். அரசாங்கம் மட்டும் அதை வேறு மாதிரி படித்து வைத்திருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கோபி பேசின பணத்தை அன்றே கொடுத்தான். அது இசைவாணி விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்ததோடு சரியாய்ப் போயிற்று. குடிசை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாயை நான்கு சவுக்குக் கம்பில் கட்டி மூன்று பேரும் அதற்கடியில் போனார்கள். இரண்டு மாசம்தானே என்றாள் ஜெசிந்தா.

புரட்டாசி முழுக்க முந்திரிக் காட்டில் வேலை. செம்மண்ணைக் குவித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லப்பாகும் விட்டு ஊறப்போட்டு, மறுநாள் மிதிக்க வேண்டும். ஜெசிந்தா மிதித்தாள். குதிகால் வெடிப்புக்குள் கடுக்காய்த் துவர்ப்பு இறங்கி எரியும்; ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். கோபியும் மிதித்தான். தினமும் ஒரு பத்து நிமிஷம், போனை மூன்று கால் கம்பியில் நிறுத்திவிட்டு. அப்போதெல்லாம், அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்க என்பான். நகர்ந்துகொள்வாள். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. டீ வந்தால் முதல் டம்ளரை அவளுக்கு நீட்டுவான். பதினாலாவது மாடியில் இருந்தபோது மூச்சே விட முடியவில்லை, இப்போதுதான் மனுஷனாக இருக்கிறேன் என்று அவளிடம் மனம் விட்டுப் பேசுவான். மூச்சு விடுவதற்கு இத்தனை செலவா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். தலையை மட்டும் ஆட்டி வைப்பாள்.

பனங்கைகளைப் பிரிக்கும்போதே தென்னரசு ஒவ்வொன்றிலும் அரிவாளால் கோடு வெட்டி அடையாளம் வைத்திருந்தான். ஒன்றோடு ஒன்று பொருந்துமாறு செதுக்கினவை, இடம் மாற்றினால் உட்காராது. அதே வரிசையில்தான் ஏற்றினான். கூரை எழும்பி முடிந்த அன்று ஜெசிந்தா உள்ளே போய் நின்று மேலே பார்த்தாள். மூன்றாவது பனங்கையில், தூளிக்கயிறு ஆடி ஆடி அறுத்த தடம் விரல் ஆழத்துக்கு இருந்தது.

"இன்னாய்யா இது, நம்ம ஊடு மாரியே கீது."

"மாரி இன்னா மாரி," என்றான் தென்னரசு மேலிருந்து. "அதேதான்."

பால் காய்ச்சின அன்று விடியற்காலை வரை தரைக்குச் சாணம் மெழுகினது அவள்தான். ஐயர் வந்து தண்ணீர் தெளித்து, பசு மாட்டை உள்ளே நடத்திவிட்டு வெளியே கொண்டுவந்த பிறகு, மெழுகின இடம் காய்ந்ததா என்று பார்க்க அவள் நிலைப்படிக்குப் போனாள். "நீ அப்படியே நில்லு" என்றார் வேங்கடேசன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. முந்திரி மரத்தடியில் போட்ட பந்தியில் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கோபி வந்து சாரி அக்கா, அப்பா அப்படித்தான் என்றான். மறுநாளிலிருந்து பெருக்குவதற்கும் மெழுகுவதற்கும் அவள் உள்ளே போகலாம் என்றாயிற்று. பெருக்குவதற்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

இயற்கையோடு கோபி வாழ்ந்தது மொத்தம் நான்கு நாள். ஐந்தாவது நாள் தலையணைக்கு அடியில் தேள் இருந்தது. அப்பா வீட்டு ஏசி அறைக்குத் திரும்பிவிட்டான். மண் வீட்டைச் சனி ஞாயிறில் சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். தண்ணீர் ஏற்ற, காவல் பார்க்கத் தென்னரசு, பெருக்க ஜெசிந்தா. மாசச் சம்பளம். அவர்களுக்கும் அது பெரிய விஷயம்தான்.

ஐப்பசி பாதியில் ஒரு சனிக்கிழமை காந்திமதி மேடம் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டுத் திட்டத்துக்குப் படம் பிடிக்கிறவர். மழைக்கோட்டோடு இறங்கி, தார்ப்பாயைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, குடிசை எங்கம்மா என்று கேட்டார். பிரிச்சாச்சுங்க மேடம், எடம் ரெடியா கீது, நாளைக்கே கூட கோடு போடலாம் என்று ஜெசிந்தா பெருமையாகச் சொன்னாள். காந்திமதி அங்கே கிடந்த அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் அவர் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வேலைக்கு உத்தரவு போடுவதற்கு முன்னால் இரண்டாவது தடவை ஒரு படம் எடுக்க வேண்டும். அதே குடிசை, அதே இடம், வாசலில் வீட்டுக்காரி. போனில் அது ஏறினால்தான் உத்தரவு. குடிசை இல்லையென்றால் அவள் குடிசைவாசி இல்லை. குடிசைவாசி இல்லாதவளுக்கு வீடு இல்லை.

"தார்ப்பாயில கெடக்கறோமே மேடம். குடிசைய விட மோசம்தான இது?"

"நீ கஷ்டப்படறது எனக்குத் தெரியுதும்மா. இந்தப் போனுக்குத் தெரியலையே. குடிசைதான் கேக்குது, தார்ப்பாய ஏத்துக்காது."

பழைய படத்தைத் திறந்து காட்டினார். அதில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள், இரண்டு வருஷம் இளையவளாக. பின்னால் மண் சுவர். இடது தோளுக்கு மேல் கதவும், கதவில் அந்தச் சாய்ந்த சிலுவையும் பளிச்சென்று தெரிந்தன. காந்திமதி சிலுவையின் மேல் விரலை வைத்தார். ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மேலிடத்தில் பார்ப்பார்கள், இது தெரிந்தால் போதும், வேறு எதையும் நோண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், அன்றோடு பட்டியலை மூடுகிறார்கள், அதற்குள் என்ன செய்வாயோ செய் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் பாவம், நனைந்துகொண்டேதான் போனார்.

அன்று சாயங்காலம் தென்னரசுவிடம் சொன்னபோது அவன் கத்தியிருந்தால் கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். கேப்பைக் களியை உருட்டி விழுங்கிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்" என்றான். ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை, விடிந்ததும் பல் விளக்கிக்கொண்டே ஒரு தடவை. அதற்கப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு, அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைக் கண்ணாலேயே சொல்ல ஆரம்பித்தான். மகளும் சொன்னாள்: உன் அவசரம்தாம்மா. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். அவள் விஷயத்தில் கை போய்விட்டது, வெளியேதான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோபியிடம் போனாள். ஒரே ஒரு நாளைக்குக் கதவு வேண்டும் என்று கேட்டாள். காலையில் எடுத்துப் போய்ப் படம் பிடித்ததும் மத்தியானத்துக்குள் மாட்டிவிடுகிறோம், கீல் இல்லாத குடுமிக் கதவுதானே, தூக்கினால் வந்துவிடும், வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். எதையும் பொறுமையாகக் கேட்கிறவன்தான் அவன்.

"இந்தத் தடவ வியாழக்கிழமையே கெஸ்ட் வர்றாங்கக்கா. அந்தக் கதவு போட்டோவப் பாத்துத்தான் புக்கே பண்ணிருக்காங்க. கதவு இல்லாம எப்படி? வழியில கீறல் விழுந்துட்டா?"

"நாங்க செஞ்ச கதவு சார். பூ மாரி தூக்கினு வந்துருவோம்."

கோபி சிரித்தான். பிறகு அவள் மேல் நிஜமான அக்கறையோடு சொன்னான்: "எதுக்குக்கா உங்களுக்கு கான்கிரீட் வீடு? வெயில்ல வெந்து சாவீங்க. மண் வீடுதான் உடம்புக்கு நல்லது. நான் இதுக்காக பெங்களூர விட்டுட்டு வந்தேன். நீங்க குடுத்துவெச்சவங்க, உங்ககிட்ட ஏற்கெனவே இருந்துச்சு."

இருந்துச்சு. பந்தியிலேயே உட்காராதே என்கிறபோது இலை பொத்தல் என்ற கதை. வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். ஜெசிந்தாவுக்கோ சம்பளம், மகள் படிப்பு, புருஷன் வேலை எல்லாம் அந்த வாசலில்தான் கட்டிக் கிடந்தன. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் சும்மா உட்காரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தனியாகவே நின்று முன்பக்கம் ஒரு சுவர் எழுப்பினாள். படத்துக்கு முன்பக்கம் போதும். சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டி, ஏரி மண்ணை மிதித்து அப்பினாள். வெல்லமும் கிடையாது, கடுக்காயும் கிடையாது, வெறும் மண். ஒரு பக்கம் அப்பினால் மறுபக்கம் மழை கரைத்தது. தார்ப்பாயை அவிழ்த்துச் சுவருக்குப் போர்த்திவிட்டு அவளும் இசைவாணியும் நனைந்தார்கள். மகளுடைய புத்தகங்கள் அண்டாவுக்குள் கிடந்தன. மேலே நான்கு வரிசை பழைய கீற்று. புதுச் சுவர் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சட்டி அடிக்கரியைச் சுரண்டித் தண்ணீரில் குழைத்து மேல்பக்கமாகப் பூசினாள். வாசல் மட்டும் கதவு இல்லாமல் திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் நின்று பார்த்தாள். வலது காலைப் படியில் வைத்து, உடம்பைக் கொஞ்சம் ஒருக்களித்தால் சிலுவை இடது தோளுக்கு மேல் வரும். இல்லாத கதவுக்கு முன்னால் அப்படி நின்று நின்று பழகினாள். எதிர்வீட்டுக்காரி, இன்னாடி ஜெசிந்தா, சினிமாவுல சேரப் போறியா என்று கேட்டுச் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் புருஷன் காலைப் பிடிக்காத குறை. "கெஸ்ட்டு மத்தியானம் ஒரு மணிக்குத்தான வர்றாங்க? பத்து மணிக்கு மேடம் வந்துருவாங்க. பதினொன்னுக்குள்ள கொண்டும்போய் மாட்டிடலாம். சாவி உன்னான்டதான கீது."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் எழுந்து போனவன், முந்திரிக் காட்டு வழியாகக் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். தலைக்கும் கதவுக்கும் நடுவில் தன் சட்டையைச் சுருட்டி வைத்திருந்தான், கீறல் விழக் கூடாதே என்று. அந்த நிமிஷம் ஜெசிந்தாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இருபது வருஷத்தில் அப்படித் தோன்றினது மொத்தம் ஒரு கை விரலுக்குள் அடங்கும். கீழே கல்லில் குழி தயாராக இருந்தது. குடுமி உள்ளே இறங்கி உட்கார்ந்தபோது அதே பழைய முனகலோடு கதவு திரும்பியது. இசைவாணி கூட பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நின்று பார்த்தாள்.

பத்து மணி ஆயிற்று. ஜெசிந்தா குளித்து, பழைய படத்தில் கட்டியிருந்த அதே பச்சைப் புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, வலது காலைப் படியில் வைத்து நின்றாள். பத்தரை. பைபாஸில் லாரி கவிழ்ந்து ரோடு அடைப்பு, வந்துகொண்டே இருக்கிறேன் என்று காந்திமதி போனில் சொன்னார். தென்னரசு தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தான். பேஜாரு, பேஜாரு என்று முணுமுணுத்தான். பத்தே முக்காலுக்கு அவன் போன் அடித்தது. கெஸ்ட் சீக்கிரமாகக் கிளம்பி, சீக்கிரமாக வந்து, கதவில்லாத வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். போனில் கோபியின் குரல் வெளியே கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவன் பேசுவதில்லை.

கார் வந்ததும் பின்னாலேயே ஸ்கூட்டரும் வந்ததை விதி என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வேங்கடேசன் காரிலிருந்து இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். கோபி இறங்கி வந்து கதவைத் தடவி, கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். தெரு கூடிவிட்டது. காந்திமதி ஸ்கூட்டரை நிறுத்தின வேகத்தில், நேரமாகிவிட்ட பதற்றத்தில், போனைத் தூக்கிப் பிடித்தேவிட்டார். திரையில் ஜெசிந்தா இருந்தாள், சிலுவை இருந்தது, நடுவில் கோபியின் முதுகும் இருந்தது. கொஞ்சம் நகருங்க சார் என்றார்.

கோபி நகரவில்லை. தென்னரசுவைப் பார்த்து மென்மையாகச் சொன்னான்: "என்னண்ணா இது. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"கேட்டேனே," என்றாள் ஜெசிந்தா. தெருவில் எல்லோருக்கும் கேட்டது. கோபிக்கு மட்டும் கேட்கவில்லை.

காந்திமதி போனைக் கீழே இறக்கினார். இத்தனை பேர் முன்னால், அதுவும் காருக்குள் அந்தப் பெரிய மனிதர் உட்கார்ந்திருக்க, இனி தெரியாதது மாதிரி படம் பிடிக்க அவருக்கும் வழியில்லை. யார் வீட்டுக் கதவு இது என்று கேட்டாக வேண்டியிருந்தது, கேட்டார். ஜெசிந்தா புருஷனைப் பார்த்தாள். எங்கப்பா செஞ்சது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு வருவது வரட்டும் என்று நினைத்தாள். தென்னரசு காரைப் பார்த்தான். கோபியைப் பார்த்தான். கடைசியாகத் தரையைப் பார்த்தான்.

"சாருதுங்க," என்றான்.

கதவைத் தூக்கச் சொன்னதும் அவனே தூக்கினான். குடுமி குழியிலிருந்து எழும்பும்போது பச்சை மண் சுவர் ஒரு பக்கமாக அசைந்து, அவள் பூசின கரியோடு படியில் சரிந்தது. சட்டையைச் சுருட்டித் தலையில் வைக்க இந்தத் தடவை அவனுக்கு மறந்துவிட்டது. காந்திமதி கிளம்பும்போது, அடுத்த பட்டியல் வராமலா போயிரும் என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னார். எதிர்வீட்டுக்காரி மட்டும் வந்து இசைவாணியைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு ஆள் வந்தது. கதவைக் கழற்றி மாட்டினதில் வாசலில் மண் கொட்டி மெழுகினது பெயர்ந்துவிட்டது, கெஸ்ட் இருக்கிறார்கள், ஜெசிந்தாவை ஜல்தியாக வந்து மெழுகிவிட்டுப் போகச் சொன்னார் சின்னவர், மனசில் எதையும் வைத்துக்கொள்ளவில்லையாம், வேலையும் இருக்கிறதாம். கதவோடு போன தென்னரசு அங்கேயே இருந்துவிட்டான். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாணக் கூடையை எடுத்துக்கொண்டு அதே பச்சைப் புடவையோடு நடந்தாள்.

மெழுகி முடித்து எழுந்தபோது கெஸ்ட் பெண் வெளியே வந்தாள். ஆர்த்தி என்று பெயர், சென்னை, இசைவாணியை விட நான்கைந்து வயது கூட இருக்கும். நல்ல மாதிரியான பெண். இந்த வீட்டில் காலடி வைத்ததும் மனசே லேசாகிவிட்டது என்று சொன்னாள். கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் கதவுக்கிட்ட கொஞ்சம் நில்லுங்களேன். ஒரே ஒரு போட்டோ."

ஜெசிந்தா கையை வாளித் தண்ணீரில் அலம்பினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வலது கால் தானாகவே படியில் ஏறியது. உடம்பு தானாகவே ஒருக்களித்தது. இடது தோளுக்கு மேல் சிலுவை வந்துவிட்டதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம் தொட்டியில் தென்னரசு தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, செம்மையா நிக்கிறீங்கக்கா. உங்க வீட்ல நிக்கிற மாதிரியே ஃப்ரீயா இருக்கீங்க," என்றாள் ஆர்த்தி.

படம் ஒரு நொடியில் விழுந்துவிட்டது. அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். முந்திரி இலைகளின் மேல் மழை தட்ட ஆரம்பித்தது. கையில் வாளித் தண்ணீர் காய, ஜெசிந்தா காலைப் படியிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.